இரைப்பை அமிலமும் ஹெலிகோபாக்டர் பைலோரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்டோஸ்கோப்பி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கிருமி இருக்கிறதா, இல்லையா?" அந்தக் கேள்வியில் பாதி விஷயம்தான் அடங்கியிருக்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி இரைப்பையின் எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அமிலம் கூடுகிறது அல்லது குறைகிறது. பின்னாளில் வரக்கூடிய நோயும் அதைப் பொறுத்தே மாறுகிறது. கீழே உள்ள கேள்விகள் அனைத்தும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வருகின்றன.

இரைப்பை முழுவதும் அமிலம் சுரக்கிறதா?

இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பையாகத் தெரிந்தாலும், உள்ளே வேலைப் பிரிவினை உண்டு. உணவுக்குழாய் வந்து சேரும் வாய்ப்பகுதி கார்டியா; அதற்கு மேல் குவிந்திருப்பது ஃபண்டஸ்; பையின் பெரும்பகுதி கார்பஸ் எனப்படும் உடற்பகுதி; அதன் கீழே குடலை நோக்கி ஒடுங்கும் பகுதி ஆன்ட்ரம்; கடைசியில் இருக்கும் கதவு பைலோரஸ். அமிலத்தைச் சுரக்கும் பரைட்டல் செல்கள் ஃபண்டஸிலும் உடற்பகுதியிலுமே நிறைந்திருக்கின்றன. ஆன்ட்ரத்தில் அவை மிகக் குறைவு. அங்கே இருப்பவை கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் ஜி செல்களும், அதைக் கட்டுப்படுத்தும் சொமாட்டோஸ்டேட்டினைச் சுரக்கும் டி செல்களும், சளிச் சுரப்பிகளுமே.

வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மோட்டார் ஓரிடத்தில் இருக்கிறது. தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை வேறோரிடத்தில் இருக்கிறது. இரைப்பையில் மோட்டார் என்பது உடற்பகுதி, மிதவை என்பது ஆன்ட்ரம். உணவு வந்ததும் ஆன்ட்ரத்தின் ஜி செல்கள் கேஸ்ட்ரினை இரத்தத்தில் கலக்கின்றன. அது சுற்றி வந்து உடற்பகுதியில் ஹிஸ்டமின் என்ற தூண்டுபொருளை வெளிவரச் செய்து, பரைட்டல் செல்களை முடுக்கிவிடுகிறது. சுரந்த அமிலம் வழிந்து ஆன்ட்ரத்தைத் தொட்டதும் டி செல்கள் விழித்துக்கொண்டு, போதும் என்று கேஸ்ட்ரினை அடக்குகின்றன. இந்தச் சுற்றில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 லிட்டர் இரைப்பை நீர் சுரக்கிறது.

அவ்வளவு அமிலத்தில் ஒரு பாக்டீரியா எப்படி உயிர் வாழ்கிறது?

உண்மையில் அது அமிலத்தில் வாழ்வதில்லை. அமிலத்தைக் கடந்து சென்று, அமிலம் எட்டாத இடத்தில் வாழ்கிறது. இரைப்பையின் நடுவெளியில் பிஎச் அளவு 1 அல்லது 2 என்றிருக்கும்போது, சுவரை ஒட்டிய சளிப்படலத்தின் அடியில் அது கிட்டத்தட்ட 7, அதாவது ஏறக்குறைய நடுநிலை. பிஎச் அளவு ஒவ்வொரு எண் ஏறும்போதும் அமிலச் செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறைவதால், மயிரிழை கனமுள்ள அந்தச் சளிக்குள் இரண்டு ஓரங்களுக்கும் இடையே இலட்சம் மடங்கு வித்தியாசம் இருக்கிறது. ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் நீளமுள்ள, திருகுபோல் வளைந்த இந்தக் கிருமி தன் ஒரு முனையில் உள்ள கசையிழைகளைச் சுழற்றிச் சளியைத் துளைத்துக்கொண்டு அந்த அமைதியான ஓரத்துக்குப் போய்ச் சேர்கிறது.

வழியில் சாகாமல் இருப்பதற்கு அதனிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. இரைப்பை நீரில் இயல்பாகவே சிறிதளவு இருக்கும் யூரியாவை அது அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அம்மோனியா காரத்தன்மை உடையதால் கிருமியைச் சுற்றியும் அதன் உள்ளும் அமிலம் தணிகிறது. இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது அதன் கதவு. யூரியாவை உள்ளே விடும் ஒரு புரதத் துவாரம் வெளியே அமிலம் மிகும்போது திறக்கிறது; நடுநிலையில் மூடிக்கொள்கிறது. ஏன் மூட வேண்டும்? அமிலம் இல்லாத இடத்தில் தடையின்றி அம்மோனியாவை உண்டாக்கினால் கிருமி தன் காரத்தாலேயே தானே மடிந்துவிடும். பரிசோதனைக் கூடத்தில் இது நடந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அமிலம் அதற்குப் பகை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அளவான அமிலம் அதற்குத் தேவை.

அப்படியானால் அது ஏன் பெரும்பாலும் ஆன்ட்ரத்தில் குடியேறுகிறது?

மேற்சொன்ன காரணத்தால்தான். அமிலச் சுரப்பு நன்றாக உள்ள ஒருவரின் உடற்பகுதியில் சுரப்பிகளின் வாயிலிருந்தே அமிலம் பீறிட்டு வருகிறது. அங்கே நெருங்கி வாழ்வது கடினம். ஆன்ட்ரத்திலோ பரைட்டல் செல்கள் குறைவு என்பதால் சுரப்பிக் குழிகளுக்குள்ளேயே கிருமி இறங்கி இருக்க முடிகிறது. கிருமியின் பெயரிலேயே அந்த இடம் இருக்கிறது: பைலோரஸ் என்பது கிரேக்க மொழியில் வாயிற்காப்போன். முதலில் வைத்த 'பைலோரிடிஸ்' என்ற பெயர் இலத்தீன் இலக்கணப்படி பிழை என்று கண்டு 'பைலோரி' என்று திருத்தினார்கள். முதலில் சேர்த்திருந்த கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாப் பேரினத்தைச் சேர்ந்தது அல்ல என்று தெளிவானதும் 1989இல் ஹெலிகோபாக்டர் என்ற புதுப் பேரினத்தையே உருவாக்கினார்கள்.

இந்தக் கிருமி வந்தால் அமிலம் கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கும். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கிருமி இரைப்பைச் சுவரில் உண்டாக்கும் அழற்சி ஆன்ட்ரத்தோடு நின்றுவிட்டால், அங்குள்ள டி செல்களின் வேலை குன்றுகிறது. சொமாட்டோஸ்டேட்டின் குறைய, கேஸ்ட்ரின் கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. நம் தொட்டிக் கணக்கில் மிதவை பழுதாகிவிட்டது, மோட்டார் நன்றாக ஓடுகிறது. நிரம்பி வழியும் அமிலம் பைலோரஸைத் தாண்டி முன்சிறுகுடலில் கொட்டுகிறது. அந்த அமிலத்தைத் தாங்குவதற்காக முன்சிறுகுடலின் உட்சுவரில் ஆங்காங்கே இரைப்பைச் சுவரைப் போன்ற திசு முளைக்கிறது. கிருமிக்கு அது பழகிய தரை என்பதால் அங்கும் போய் ஒட்டிக்கொள்கிறது. இப்படித்தான் முன்சிறுகுடல் புண் உண்டாகிறது.

அழற்சி உடற்பகுதிக்கும் பரவிவிட்டால் கதை தலைகீழாகிறது. அழற்சியின்போது வெளிவரும் இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற பொருள்கள் பரைட்டல் செல்களை நேரடியாக அடக்குகின்றன. கேஸ்ட்ரின் கூடியிருந்தும் பயனில்லை, மோட்டாரே நோய்ப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் கழிந்தபின் அமிலச் சுரப்பிகள் மெலிந்து அழிகின்றன. அவை இருந்த இடத்தில் குடலில் காணப்படும் வகைத் திசு உருவாகிறது. அமிலம் குறையக் குறைய உடற்பகுதி கிருமிக்கு மேலும் வசதியாகிவிடுவதால், ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. இரைப்பைப் புண்ணும் இரைப்பைப் புற்றுநோயும் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இது வெறும் கருத்தா, மனிதர்களிடம் பார்த்து அறிந்ததா?

பார்த்து அறிந்ததுதான். 2001இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில் 1,526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் தொடர்ந்து எண்டோஸ்கோப்பி செய்து கவனித்தார்கள். கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது; கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. ஆனால் கிருமி இருந்தவர்களுள் முன்சிறுகுடல் புண் உடைய 275 பேர் தனியாக இருந்தார்கள். அவர்களிலும் ஒருவருக்கும் வரவில்லை. புற்றுநோய் வந்தவர்கள் பெரும்பாலும் அழற்சி உடற்பகுதியை மிகுதியாகப் பிடித்தவர்களும், மெலிவு கடுமையாக இருந்தவர்களும்தான். கிருமி ஒன்றே, அது தங்கிய இடம் வேறு, ஆகவே முடிவும் வேறு.

ஒருவருக்கு ஆன்ட்ரத்தோடு நிற்பதும் மற்றொருவருக்குப் பரவுவதும் எதனால்?

தொடக்கத்தில் அவருடைய அமிலச் சுரப்பு எவ்வளவு வலுவாக இருந்தது, அழற்சிப் பொருள்களைக் கூட்டும் மரபணு வகை அவரிடம் உண்டா, கிருமியின் ரகம் எது, உணவில் உப்பு எவ்வளவு, புகைப்பழக்கம் உண்டா என்பன எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கேக்-ஏ (CagA) என்ற புரதத்தைச் செல்லுக்குள் ஊசி போல் செலுத்தும் ரகங்கள் கூடுதல் தீங்கு செய்பவை. அவற்றிலும் கிழக்காசிய வகை கடுமையானது. இவை போக, அமிலத்தை நாமே மருந்தால் குறைப்பதும் ஒரு காரணமாகிறது. அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

'கேஸ் மாத்திரை' சாப்பிட்டு வந்தால் கிருமி செத்துவிடுமா?

சாகாது, இடம் பெயரும். ஒமிபிரசோல், பான்டோபிரசோல், ராபிபிரசோல் ஆகியவை பரைட்டல் செல்லின் அமில இறைப்பானை அடைக்கும் மருந்துகள். உடற்பகுதியில் அமிலம் தணிந்ததும், அதுவரை அங்கே நெருங்க முடியாதிருந்த கிருமி மேலேறிவிடுகிறது. ஆன்ட்ரத்தில் அழற்சி குறைவதும் உடற்பகுதியில் கூடுவதும் திசு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. 1996இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், எதுக்களிப்பு நோய்க்காக ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஒமிபிரசோல் சாப்பிட்ட, கிருமியும் இருந்த 59 பேரில் 18 பேருக்கு இரைப்பை மெலிவு உண்டாகியிருந்தது; அதே நோய்க்கு மாத்திரைக்குப் பதில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட, கிருமியும் இருந்த 31 பேரில் ஒருவருக்கும் உண்டாகவில்லை. எண்ணிக்கை சிறியது என்றும் இரு குழுக்களும் ஒத்தவை அல்ல என்றும் பின்னர் விவாதம் எழுந்தது. அது நியாயமான விவாதமே. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் இந்த மாத்திரைகளைச் சாப்பிட வேண்டியவர்களுக்குக் கிருமி இருந்தால் அதை முதலில் ஒழித்துவிடுவது நல்லது என்பதே வல்லுநர் குழுக்களின் பரிந்துரை.

நம் ஊரில் மூட்டுவலி மாத்திரையோடு ஒன்று, சளி மாத்திரையோடு ஒன்று என்று எந்த மருந்துச் சீட்டிலும் ஒரு கேஸ் மாத்திரை ஒட்டிக்கொண்டு வருகிறது. மருந்துக்கடையில் கேட்டவுடன் ஓர் அட்டையைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். தேவைப்படுபவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. தேவை முடிந்த பிறகும் பழக்கமாகத் தொடர்வதைத்தான் நான் தவறு என்கிறேன்.

பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களே, ஏன்?

மாத்திரை கிருமியின் எண்ணிக்கையையும் யூரியேஸ் வேலையையும் தற்காலிகமாகக் குறைத்துவிடுவதால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். மூச்சுப் பரிசோதனை, மலத்தில் ஆன்டிஜென் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி செய்யும்போதே பார்க்கும் யூரியேஸ் பரிசோதனை ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் மருந்துகள் என்றால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும். நிறுத்துவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இரத்தக்கசிவுக்காக அந்த மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

யூரியேஸ் பரிசோதனையை ஒருமுறை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு இது மறக்காது. அரிசிக் குருணை அளவுள்ள திசுத் துணுக்கை, யூரியாவும் நிறங்காட்டியும் கலந்த மஞ்சள் நிறக் குழைமத்தில் புதைக்கிறார்கள். கிருமி மிகுதியாக இருந்தால் சில நிமிடங்களிலேயே துணுக்கைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம் ஒன்று கிளம்பிப் பரவும். அம்மோனியாவின் காரத்தால் நிறங்காட்டி மாறுவதே அது. கிருமி குறைவாக இருந்தால் பல மணி நேரம் ஆகும். மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தவரின் துணுக்கு மஞ்சளாகவே கிடக்கலாம்.

ஆன்ட்ரத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்தால் போதாதா?

போதாது. மாத்திரை சாப்பிடுபவர்களிடமும், ஆன்ட்ரம் ஏற்கெனவே மெலிந்துபோன வயதானவர்களிடமும் கிருமி உடற்பகுதியில் மட்டும் இருக்கலாம். திசு ஆய்வுக்கான திருத்தப்பட்ட சிட்னி முறை ஐந்து துணுக்குகளைக் கேட்கிறது: ஆன்ட்ரத்திலிருந்து இரண்டு, உடற்பகுதியிலிருந்து இரண்டு, இரண்டுக்கும் இடையே இரைப்பை மடங்கும் கோணத்திலிருந்து ஒன்று. மெலிவு பெரும்பாலும் அந்தக் கோணத்தருகே தொடங்கி, சிறிய வளைவு வழியாக மேலே ஏறுவதால் அந்த ஐந்தாவது துணுக்குக்குத் தனி மதிப்பு உண்டு. எல்லாவற்றையும் ஒரே குப்பியில் போட்டு அனுப்பினால் எது எந்த இடம் என்று ஆய்வகத்துக்குத் தெரியாமல் போய்விடும்; பகுதிவாரியாகத் தனிக் குப்பிகளில் அனுப்புவதே முறை.

இரத்தப் பரிசோதனையில் இதைத் தெரிந்துகொள்ள முடியாதா?

ஓரளவு முடியும். பெப்சினோஜென் என்பது பெப்சின் என்ற செரிமான நொதியின் முன்வடிவம். அதில் பெப்சினோஜென்-1 உடற்பகுதியிலும் ஃபண்டஸிலும் மட்டும் உண்டாகிறது. பெப்சினோஜென்-2 ஆன்ட்ரத்திலும் முன்சிறுகுடலிலும்கூட உண்டாகிறது. முதலாவது குறைந்து இரண்டாவது அப்படியே இருந்தால் உடற்பகுதி மெலிந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஜப்பானில் இதையும் கிருமிக்கான எதிர்ப்பொருள் பரிசோதனையையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். எதிர்ப்பொருள் மட்டும் பார்ப்பது சிகிச்சைக்குப் பின் பயன்படாது. கிருமி ஒழிந்த பிறகும் அது நெடுநாள் இரத்தத்தில் இருக்கும்.

மருத்துவர் ஒருவர் இந்தக் கிருமியைக் குடித்தார் என்பது உண்மையா?

உண்மை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1979இல் நோய்க்கூறியல் வல்லுநர் ராபின் வாரன் இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். 1981இல் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். வழக்கமாக இரண்டு நாளில் தூக்கி எறியப்படும் வளர்ப்புத் தட்டுகள் 1982 ஈஸ்டர் விடுமுறையில் கூடுதல் நாள்கள் இருந்துவிட்டதால்தான் கிருமி முதன்முதலில் வளர்ந்து கண்ணில் பட்டது. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்ததால், 1984இல் மார்ஷல் அதை வளர்த்துத் தாமே குடித்தார். சில நாள்களில் வாந்தி தொடங்கியது. பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. அவருக்குப் புண் வரவில்லை என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பொருளுக்கு நெருக்கமான ஒரு விவரம் அவருடைய நோபல் உரையில் இருக்கிறது: அவர் எடுத்த வாந்தியில் அமிலம் இல்லை. கிருமி புதிதாக நுழையும்போது இரைப்பை முழுவதும் அழற்சி கண்டு, அமிலம் சில வாரங்களோ மாதங்களோ அடங்கிவிடுவது உண்டு. அது மீண்ட பிறகுதான் கிருமி ஆன்ட்ரத்துக்கு ஒதுங்குகிறது.

அமிலம் குறைந்தால் வேறு தொற்றுகள் வருமா?

வரும். இரைப்பை அமிலம் நாம் விழுங்கும் கிருமிகளுக்கு முதல் சோதனைச்சாவடி. தன்னார்வலர்களிடம் செய்த காலரா ஆய்வுகளில், சோடா உப்புக் கொடுத்து அமிலத்தைத் தணித்த பிறகு, நோய் உண்டாக்கத் தேவையான கிருமிகளின் எண்ணிக்கை பல மடங்கு குறைந்துவிட்டது. சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் தொற்றுகளும் அமிலம் குறைந்தவர்களிடம் எளிதில் பற்றுகின்றன.

கிருமியே இல்லை, ஆனால் உடற்பகுதி மட்டும் மெலிந்திருக்கிறது என்று அறிக்கை வந்தால்?

உடலின் எதிர்ப்பாற்றல் தன் பரைட்டல் செல்களையே தாக்கும் தன்னெதிர்ப்பு அழற்சியாக இருக்கலாம். அதில் ஆன்ட்ரம் தப்பிவிடும். பரைட்டல் செல்கள் பி-12 உட்கிரகிப்புக்கு வேண்டிய புரதத்தையும் சுரப்பவை என்பதால், இரத்தசோகையும் கை கால் மதமதப்பும் முதல் அறிகுறியாக வரலாம்.

தமிழ்நாட்டில் எந்த வகை அதிகம்?

இந்தியாவில் பெரும்பாலோருக்குக் கிருமி சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. அரிசி முதன்மை உணவாக உள்ள தென்னிந்தியப் பகுதிகளில் ஒரு காலத்தில் முன்சிறுகுடல் புண் மிகுதி. தழும்பேறி வழி அடைபட்டு, உண்டதெல்லாம் வாந்தியாக வெளிவரும் நிலையில் அறுவை சிகிச்சை வார்டுகளுக்கு வந்தவர்கள் ஏராளம். இன்னொரு பக்கம், சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருகிறது. ஆகவே இங்கே இரண்டு வழிகளும் உண்டு. 'நமக்கெல்லாம் வெறும் அல்சர்தான்' என்று விட்டுவிடுவதற்கில்லை.

கிருமியை ஒழிக்கும் சிகிச்சையில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஏன் சேர்கிறது? மேலே அது கூடாது என்றீர்களே?

கூடாது என்று சொல்லவில்லை. தனியாகக் கொடுத்தால் கிருமி சாகாது என்றேன். அமிலம் தணிந்தால்தான் கிருமி பெருகத் தொடங்கும். பெருகும் கிருமியைத்தான் அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் நன்றாகக் கொல்லும். தவிர, கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் அமிலத்தில் சிதைவது. இப்போது பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது அமிலக் குறைப்பி, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் ஆகிய நான்கும் சேர்ந்த 14 நாள் சிகிச்சை. அமிலக் குறைப்பியை உணவுக்கு அரை மணி நேரம் முன்பே சாப்பிட வேண்டும். உண்ணும்போது இயங்கும் இறைப்பானைத்தான் அது பிடிக்கும். பிஸ்மத்தால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பாதியில் நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்து கிருமி ஒழிந்ததா என்று பார்ப்பது அவசியம்.

கிருமி ஒழிந்த பிறகு அமிலம் பழைய நிலைக்கு வருமா?

ஆன்ட்ரம் மட்டும் பாதிக்கப்பட்டவர்களிடம் மிதவை சரியாகி, மிகுதியான அமிலம் காலப்போக்கில் குறைகிறது. புண் திரும்புவது அரிதாகிறது. உடற்பகுதியில் அழற்சி மட்டும் இருந்து சுரப்பிகள் அழியாதவர்களிடம் அடங்கியிருந்த அமிலம் மீள்கிறது. அவர்களில் சிலர் "கிருமி போனதும் நெஞ்செரிச்சல் வந்துவிட்டதே" என்று குறைப்படுவது இதனால்தான். குடல் வகைத் திசு பரவலாக உருவாகிவிட்டவர்களிடம் அது பெரும்பாலும் மாறுவதில்லை. கிருமி போனாலும் புற்றுநோய் அபாயம் குறையுமே தவிர நீங்காது. ஆன்ட்ரம், உடற்பகுதி இரண்டிலும் கடுமையான மெலிவு இருப்பவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் கூறுகிறது. அப்போது ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பழைய திசு ஆய்வு அறிக்கை தேவைப்படும்; அதைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.